ஊரை மூட்டை கட்டி வந்த சபை



பெயரிலேயே கோவிலைச் சுமக்கும் ஆவடிக் கோவில்பதாகையில் திருச்சபையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மாறும் சமூகமும் ஆப்பிரிக்கத் திருச்சபையும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஆப்பிரிக்கா போய்விட்டு நேரே ஆவடிக்குத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். வழியில் நம் தெற்கத்தி நாசரேத் பக்கம் இறங்க வேண்டியதாகிவிட்டது.

1921இல் பெல்ஜிய காங்கோவின் இன்காம்பா கிராமத்தில் சைமன் கிம்பாங்கு நோயாளிகள்மேல் கை வைத்து ஜெபித்தார். கூட்டம் திரண்டது. சில மாதங்களிலேயே கைது. முப்பது ஆண்டு சிறை. 1951இல் சிறைவாசத்திலேயே மரணம். அவர் வழிவந்த சபையை 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றம் உறுப்பாக ஏற்றது. நைஜீரியாவிலோ 1918 விஷக்காய்ச்சலில் ஜனங்கள் மாண்டபோது கூடி ஜெபித்தவர்களிடமிருந்து அலதூரா சபைகள் கிளைத்தன. மிஷனரிகளிடம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. சொப்பனத்துக்கும் சூனிய பயத்துக்கும்தான் அவர்களிடம் பதில் இல்லை.

இதெல்லாம் ஆப்பிரிக்கச் சுபாவம் என்று ஒதுக்கிவிடலாமா? கிம்பாங்குவுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னே, 1857இல், நாசரேத்தை அடுத்த முக்குப்பேரியில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபை கண்டார். நாடார்களைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849இல் எழுதிய புத்தகம் மூட்டிய கோபம் அதற்கு ஒரு காரணம். ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார்கள். வேதம் வேண்டும், வெள்ளைக்காரர் மேய்ப்பு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்.

இனி ஆவடி. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஷிப்டு வேலைக்கும் பிறகு அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கும் தெற்கேயிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஊர்ச் சபையில் பாட்டனுக்கே ஒரு இடம் உண்டு. இங்கே வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். கோபுரமுள்ள சர்ச்சுக்குப் போகப் பஸ் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தெரு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியும் கீபோர்டுமாக ஒரு ஜெப வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியே பாஸ்டர் வந்து நிற்கிறார். உபதேச வித்தியாசம் பார்த்து யாரும் சபை மாறவில்லை என்பது என் எண்ணம். அந்த ராத்திரிதான் மாற்றியது.

ஆனால் ஊரிலிருந்து கட்டி வந்த மூட்டையில் ஒன்று மட்டும் மாறவில்லை: ஜாதி. சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டார்களே ஒழிய ஜாதியை விடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியதும் விசுவாசிகள்தாம்.

அரசாங்கமும் தன் பங்குக்கு முடிச்சுப் போட்டது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. ஆகவே ஜாதிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு பெயர். இதைப் பொய் என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டிப்பது சுலபம். கண்டிக்கிறவருக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதில்லை.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் ஒன்றானார்கள். பெரிய காரியம்தான். அவர்கள் வீட்டுச் சம்பந்தங்கள் ஒன்றாகவில்லை.

கல்யாண அறிக்கையை மூன்று ஞாயிறு வாசிக்கும் வழக்கம் ஆவடியிலும் தொடர்கிறது. ஆட்சேபம் உண்டானால் தெரிவிக்கலாம் என்கிறார் ஆயர். மாப்பிள்ளை யாரென்றே தெரியாத சபை பேசாமல் இருக்கிறது. பெண் வீட்டார் ஊருக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை எந்தத் தெரு என்று எப்போதோ விசாரித்து முடித்துவிட்டார்கள்.