வண்டியைத் தாங்கும் எண்ணெய்



மேடுபள்ளங்களின் அதிர்ச்சியிலிருந்து மோட்டார் வண்டியைக் காப்பது எஃகு வில் என்பது நாம் யாவரும் அறிந்தது. அந்த வில்லுக்குப் பதிலாக வாயுவும் எண்ணெயும் தாங்கி நிற்கும் வண்டிகளும் உண்டு. பிரான்ஸ் நாட்டுச் சிட்ரோயன் நிறுவனத்தார் 1955-ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகம் செய்த டி.எஸ். என்னும் கார் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. ஐரோப்பாவில் இம்முறை அமைந்த அவர்களுடைய கார்களின் உற்பத்தி 2017-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகளைப் போற்றுவோர் இன்றும் அவற்றை ஓட்டி வருகின்றனர்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகு உருண்டை உண்டு. அதனுள் ஒரு ரப்பர்த் திரை. திரையின் ஒரு புறம் நைட்ரஜன் வாயு, மறு புறம் எண்ணெய். எஞ்சினால் இயங்கும் பம்பு, தொட்டியிலுள்ள எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்புகிறது. சக்கரம் மேட்டில் ஏறுங்கால் எண்ணெய் வாயுவை நெருக்குகிறது. நெருக்குண்ட வாயு வில்லைப் போல் எதிர்த்துத் தள்ளுகிறது. டி.எஸ். வண்டியில் பிரேக்கை இயக்குவதும் இதே எண்ணெய்தான். ஆகவே எண்ணெய் குறைந்தால் கெடுவது பயணத்தின் சுகம் மட்டுமன்று. உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்கு முறை உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, உயரத்தை மாற்றும் நெம்புகோலை உச்ச நிலையில் வைக்க வேண்டும். வண்டி முழுவதும் எழுந்து நின்ற பிறகே தொட்டியின் அளவுக் குறியைப் பார்க்க வேண்டும். காரணம் எளிது. வண்டி தாழ்ந்திருக்கும்போது எண்ணெய் தொட்டிக்குத் திரும்பியிருக்கும். குறைவு கண்ணுக்குத் தெரியாது. உயர்ந்து நிற்கும்போதுதான் உண்மை புலப்படும். அளவு இரு குறிகளுக்கு இடையில் இருந்தால் போதுமானது. மேல் குறியைத் தாண்டி ஊற்றினால், வண்டி தாழும்போது எண்ணெய் வழிந்துவிடக் கூடும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் உள்ள தூசியைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மட்டுமே தூக்கி நிறுத்தியுள்ள வண்டியின் அடியில் எவரும் நுழைதல் கூடாது.

இனி, எந்த எண்ணெய் என்பது மிக முக்கியமான கேள்வி. தொடக்கத்தில் வந்த டி.எஸ். வண்டிகளுக்குச் சிவப்புத் திரவம் வழங்கிற்று. 1966-ஆம் ஆண்டு முதல் பச்சை நிறமான கனிம எண்ணெய் வந்தது. பின்னாளில் வந்த சி-5 என்னும் காருக்கு ஆரஞ்சு நிறத் திரவம் உரியது. அதில் பிரேக்குக்குத் தனித் தொட்டியும் உண்டு. ஒன்றுக்கு உரிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதியோ இளகியோ கெட்டுவிடும். தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் திரவம் முழுவதையும் வெளியேற்றச் செய்வதே அறிவுடைமை.

இங்கு ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. டெல்லியாயினும் மும்பையாயினும் கொல்கத்தாவாயினும், பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பெயர் 'ஆயில்'தான். நாமும் தமிழில் 'பிரேக் ஆயில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் சாதாரணக் கார்களின் பிரேக்கில் உள்ளது பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். அது எண்ணெயே அன்று. அதில் கனிம எண்ணெய் சிறிது கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் பழுதாகும். அயல் மொழி வழங்கும் ஊரில், பட்டறைக்காரரிடம் வாய்ச்சொல்லை நம்பிப் பொருளை ஏற்பதைவிட, டப்பாவின் மேல் அச்சிட்டுள்ளதை வண்டியின் கையேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

மற்றொன்றும் நினைவிலிருத்தத் தக்கது. இந்த எண்ணெய் எஞ்சின் எண்ணெயைப் போல் எரிந்து தீர்வதில்லை. அடிக்கடி குறைகிறதென்றால், எங்கோ ஒரு குழாயோ வளையமோ கசிகிறது என்பதே பொருள். மாதந்தோறும் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதி அடைவது, நோயை விட்டுக் காய்ச்சலை மட்டும் தணிப்பது போன்றது. எவ்வளவு ஊற்றினோம், எந்நாளில் ஊற்றினோம் என்று குறித்து வைத்தால் கசிவு நமக்குத் தானே தெரிந்துவிடும். குறைந்ததை நிரப்புவது பாதி வேலை. குறைந்த காரணத்தைக் காண்பதே மீதி வேலை.