நகரத்து நீரும் அயல்நாட்டுக் கடனும்



தண்ணீர் இயற்கை தரும் கொடை என்பர். மலையில் பெய்யும் மழைக்கு அது பொருந்தும். அம்மழை நகரத்து வீட்டின் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் அணை, கால்வாய், வடிகட்டும் நிலையம், இரும்புக் குழாய் எனப் பல செலவுகளைக் கடந்தாக வேண்டும். பயன்படுத்திய நீரைத் துப்புரவு செய்து ஆற்றுக்குத் திருப்பி அனுப்புவதும் அச்செலவின் மறுபாதியே. இச்செலவுக்குப் பிறநாட்டிடம் கடன் பெறலாமா, பெற்றால் எதை நோக்க வேண்டும் என்பதைப் புனா நகரத்தை முன்னிறுத்தி இன்று ஆராய்வோம்.

புனாவின் நீர் வரலாறு நீண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகிப் பேஷ்வா காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் அமைத்து, நகரின் நீர்த்தொட்டிகளுக்குத் தண்ணீர் கொணர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா அணை எழுந்தது. 1961 ஜூலை 12 அன்று, புதிதாகக் கட்டப்பட்டு வந்த பான்ஷேத் அணை உடைந்தது; அவ்வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் தாங்கவில்லை; நகரம் பேரழிவுக்கு ஆளாயிற்று. பின்னர் அணைகள் மீண்டும் கட்டப்பட்டன. இன்று கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் நகருக்கு ஊட்டம் அளிக்கின்றன.

வரும் நீரைக் காட்டிலும் வெளியேறும் நீரே புனாவுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. நகரத்தின் கழிவு நீரில் ஒரு பகுதி துப்புரவு செய்யப்படாமலே முளா, முட்டா ஆறுகளில் கலந்து வந்தது. அவ்விரு ஆறுகளும் கூடி பீமா நதியில் சேர்கின்றன. பீமாவின் நீர் உஜ்ஜனி அணையில் தேங்குகிறது. சோலாப்பூர் நகரம் அங்கிருந்து தண்ணீர் பெறுகிறது. ஆகவே ஓர் ஊரார் கழித்த நீர் மற்றோர் ஊராரின் குடிநீரோடு தொடர்புடையதாகிறது. இதனைச் சீர்செய்வது வெறும் அழகுப் பணியன்று. அண்டை ஊராருக்கு ஆற்ற வேண்டிய கடமை.

இக்கடமைக்காக 2016 ஜனவரியில் ஜப்பான் நாட்டுடன் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. கடன் தொகை 1,906 கோடியே 40 லட்சம் யென். நம் நாணயத்தில் அப்போது ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 0.30. தவணைக் காலம் 40 ஆண்டு. அதில் முதல் 10 ஆண்டு அசலைத் திருப்ப வேண்டாத சலுகைக் காலம். பதினொரு புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்து, நாளொன்றுக்கு 47 கோடியே 70 லட்சம் லிட்டராக இருந்த துப்புரவுத் திறனை 87 கோடியே 30 லட்சம் லிட்டராக உயர்த்துவது திட்டம். மதிப்பீடு 990 கோடியே 26 லட்சம் ரூபாய். அதில் நூற்றுக்கு 85 பங்கு மத்திய அரசினுடையது. எஞ்சிய 15 பங்கு மாநகராட்சியினுடையது.

அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இங்கே இரு சொற்கள் கருத்தில் படுகின்றன. டோக்கியோவிலிருந்து தில்லிக்கு வரும்போது இப்பணத்தின் பெயர் ‘கடன்’. தில்லியிலிருந்து புனாவுக்குச் செல்லும்போது அதன் பெயர் ‘மானியம்’. பணம் ஒன்றே, பெயர்தான் வழியில் மாறிவிடுகிறது. பெயர் மாறினாலும் பொறுப்பு மறைவதில்லை. புனாவின் குடிமகனுக்குத் தவணைச் சீட்டு வாராது. ஆனால் திருநெல்வேலியிலும் கௌஹாத்தியிலும் வரி செலுத்துவோர் அனைவரும் அத்தவணையைப் பகிர்ந்து கொள்கின்றனர்.

குறைந்த வட்டி மட்டும் கடனை மலிவாக்கிவிடாது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது நாணய மாற்று. 1966 ஜூன் 6 அன்று டாலரின் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. அதற்கு முந்திய நாள் நூறு டாலர் கடன்பட்டிருந்தவர் 476 ரூபாய்க்குக் கடனாளி. மறுநாள் 750 ரூபாய்க்குக் கடனாளி. கூடுதலாக ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை. குழாய் வரியோ ரூபாயில் வசூலாகிறது; கடனோ யென்னில் நிற்கிறது. நாற்பது ஆண்டுக் காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே என்ன நேரும் என எவர் உறுதி கூற வல்லார்?

இரண்டாவது காரணம் காலம். புனாத் திட்டம் 2022 ஜனவரியில் முடிவுற வேண்டும் என்பது தொடக்க ஏற்பாடு. முதலில் வந்த ஒப்பந்தப் புள்ளிகள் மதிப்பீட்டை மிகவும் விஞ்சியமையால் ஏற்கப்படவில்லை. இத்தகைய கடன்களில் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும் படிகளுக்குக் கடன் கொடுத்தவரின் இசைவும் தேவை. ஆண்டுகள் உருண்டன. அடிக்கல் நாட்டப்பட்டது 2022 மார்ச் 6 அன்று. முடிவுற வேண்டிய நாள் கடந்த பின்னரே தொடக்க விழா நடந்தது! அப்போது அறிவிக்கப்பட்ட செலவு 1,470 கோடி ரூபாய்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் கோடிக்கு 0.30 வீதம் ஆண்டு வட்டி மூன்று கோடி. நாற்பது ஆண்டும் அசல் குறையாமல் நின்றாலும் வட்டி 120 கோடியைத் தாண்டாது. செலவின் உயர்வோ 480 கோடி. அவ்வுயர்வு முழுவதையும் தாமதத்தின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் சிமெண்டும் இரும்பும் கூலியும் நமக்காகக் காத்திரா என்பது தெளிவு. வட்டியில் மிச்சம் பிடித்ததைப் போல் பன்மடங்கைக் காலதாமதம் விழுங்கிவிடக் கூடும்.

இதே நகரம் வேறு வழியையும் நாடிற்று. நாள் முழுதும் நீர் வழங்கும் திட்டத்துக்காக 2017 ஜூனில் புனா மாநகராட்சி தன் பெயரில் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி நூற்றுக்கு 7.59. ஐந்தில் ஒரு பங்கு பணத்துக்கு, ஆண்டொன்றுக்கு ஐந்து மடங்கு வட்டி! ஆனால் அது ரூபாய்க் கடன். நாணய மாற்றின் அச்சம் இல்லை. மேலும், தவணை செலுத்துவது மாநகராட்சியே என்பதால் அதன் வரவு செலவைப் பிறர் உற்று நோக்குகின்றனர். தன் வரியைத் தானே ஒழுங்காக வசூலிக்கும் கட்டாயமும் அதற்கு உண்டாகிறது.

அயல்நாட்டுக் கடன் கூடவே கூடாது என்பது நம் கருத்தன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் புளோரைடு மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்து வந்தது. அங்கே காவிரி நீர் கொணரும் ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008-இல் ஜப்பான் கடன் கிடைத்தது. 2013-இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அக்கடன் இல்லையேல் அந்நீர் இன்னும் பல்லாண்டு தள்ளிப் போயிருக்கலாம். நோயுற்ற குழந்தைக்கு மருந்து வாங்கக் கடன் படுவதை எவரும் இகழார்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆழம் பார்ப்பதற்குரிய கோல்கள் மூன்று எனலாம். நிலமும் வரைபடமும் ஒப்பந்த விதிகளும் ஆயத்தமான பின்னரே கடனில் கையெழுத்திட வேண்டும். நாணய மாற்றால் வரும் இழப்பை ஏற்பவர் யார் என்பதை முன்னரே எழுதி வைக்க வேண்டும். கட்டிய நிலையத்தை நாள்தோறும் ஓட்டுவதற்கான மின்சாரம், ஆட்கூலி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு உள்ளூர் வருவாய் உண்டா என்று காண வேண்டும். கட்டடத்துக்குக் கடன் கிடைக்கும். அதை இயக்கும் அன்றாடச் செலவுக்கு எந்நாட்டவரும் நாற்பது ஆண்டு கடன் தரமாட்டார்.

2016-இல் போடப்பட்ட கடனின் தவணைகள் 2056 வரை நீளும். அதை அடைத்து முடிப்போர் இன்று பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியரே. அவர்களுக்குக் கடனை மட்டும் விட்டுச் செல்லாமல், தூய ஆற்றையும் சேர்த்து விட்டுச் செல்வோமாயின், அவர்கள் நம்மைக் குறை கூறமாட்டார்கள்.