கண்ணாற் காணாது வாங்கிய கார்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் இலங்கையில் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஜப்பானிய ஏலத்தில் நிற்கும் பழைய காரை இங்கிருந்தே வாங்குவோருக்குப் பரிசோதகர் எழுதும் ஏலத்தாளே கண். அதில் 'ஏ' எனின் கீறல். 'யூ' எனின் நெளிவு. 'டபிள்யூ' எனின் செப்பனிட்ட தடம். தரத்துக்குரிய கட்டத்தில் 'ஆர்' என்றிருப்பின், வண்டி அடிபட்டுத் திருத்தப்பட்டதாகும். இத்தாளை மறைத்தோ மாற்றியோ விற்பாரும் உளர். துறைமுகத்தில் இறங்கும்போது கார் மினுங்கவே செய்யும். பின்பெட்டி விரிப்பைத் தூக்கும்போதன்றோ கறளும் ஒட்டுவேலையும் வெளிப்படும்! அதற்குள் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்புக் கடல் கடந்திருக்கும், விற்றவரோ வேற்றுநாட்டார். ஆதலின் பணம் அனுப்புமுன்னரே செசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஏலத்தாளின் மூலப்பிரதியைத் தனியாகப் பெற்று ஒப்பிடுதல் வேண்டும். அவ்விலக்கத்தைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு விலை பேசுவதில் பயனில்லை.