ஐந்து ஓட்டையும் உட்கார்ந்தால் போதுமா?
(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லுக்கு மேலுரம் இடுவதைப் பற்றியோ கரும்பில் இடைக்கணுப் புழுவைப் பற்றியோ பேசுவேன். இன்று பழைய ஜீப் வண்டியின் சக்கரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண் அலுவலருக்கும் ஜீப் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சிலர் பழைய ஜீப்பை இன்னும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். விதை மூட்டை, உர மூட்டை, காய்கறிக் கூடை, மோட்டார் பம்ப் என்று எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுகிறார்கள். மழைக்காலத்தில் மற்ற வண்டி போகாத வரப்புப் பாதையிலும் ஏரிக்கரையிலும் அது போகும். ஆனால் அதற்குப் புதுச் சக்கரம் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் எந்த வண்டிச் சக்கரம் கிடைக்கிறதோ அதைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நாற்றங்காலைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது, "சார், ஏறுங்க, நான் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று தம்முடைய பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பின்னால் எட்டு மூட்டை யூரியா. அதன்மேல் அவருடைய பையன் உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரைமேல் வண்டி போகும்போது இடது பின்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். "கல்லு ஏதாவது சிக்கியிருக்கும் சார்" என்றார் அவர். பையன்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நிறுத்து! சக்கரம் ஆடுது!" என்று கத்தினான்.

இறங்கிப் பார்த்தோம். ஐந்து நட்டில் இரண்டைக் கைவிரலாலேயே சுற்ற முடிந்தது. ஒரு நட்டைக் காணவே காணோம். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சக்கரத்தை அவர் பத்து நாளுக்கு முன்னால் பழைய இரும்புக் கடையில் வாங்கியிருக்கிறார். அது எந்த வண்டிச் சக்கரம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. "ஐந்து ஓட்டையும் அப்படியே உட்காந்துச்சே சார், அப்புறம் எப்படிக் கழலும்?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இன்றைய பேச்சு. சக்கரம் உட்காருவது வேறு, பொருந்துவது வேறு.

எல்லா ஜீப் சக்கரமும் ஒன்றுக்கொன்று சேரும் என்ற எண்ணம் எப்படி வந்தது? அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குச் சேரவேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. அதனால் ஃபோர்டு நிறுவனமும் வில்லிஸின் வரைபடத்தை வைத்தே வண்டி கட்டியது. போர் முடிந்த பிறகு வந்த சிவிலியன் ஜீப்புகளிலும் அதே ஐந்து ஸ்டட், அதே வட்ட அளவு. 1945இல் தொடங்கிய நம் நாட்டு மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்தபோது அந்த அளவும் கூடவே வந்தது. ஆகவே ஒரே குடும்பத்து ஜீப்புகளுக்குள் சக்கரம் மாற்றுவது பெரும்பாலும் நடக்கிற காரியம்தான். வேறு குடும்பத்துச் சக்கரத்தைக் கொண்டுவரும்போதுதான் யோசிக்க வேண்டும்.

இனி, சக்கரம் வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பக்கத்தில் காகிதம் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்திருக்கும் வட்டத்தின் அளவும். எல்லா ஓட்டைகளின் நடுப்புள்ளி வழியாகவும் ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் எவ்வளவோ அதுதான் கணக்கு. வில்லிஸ் வழி வந்த ஜீப்புக்கு ஐந்து ஓட்டை, வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். பழைய லேண்ட் ரோவருக்கும் ஐந்து ஓட்டைதான். ஆனால் வட்டம் ஆறரை அங்குலம். பழைய டொயோட்டா லேண்ட் குரூஸருக்கு வட்டம் அதே ஐந்தரை அங்குலம், ஆனால் ஓட்டை ஆறு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஐந்து ஓட்டைச் சக்கரத்தில் நேர் எதிரே ஓட்டை கிடையாது. அப்படியானால் எப்படி அளப்பது? சுலபமான வழி இருக்கிறது. ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 82 மில்லிமீட்டர் இருந்தால் அது ஐந்தரை அங்குல வட்டம். 97 இருந்தால் ஆறரை அங்குல வட்டம். 67 இருந்தால் அது வேறு ஏதோ காரின் சக்கரம், தொடவேண்டாம். உங்கள் வண்டியின் ஸ்டட்டையும் இதே மாதிரி அளந்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, நட்டும் அது உட்காரும் இடமும். ஏரிக்கரையில் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது இதுதான். ஜீப் சக்கர நட்டின் ஒரு முனை கூம்பாக இருக்கும். சக்கரத்து ஓட்டையின் வாயும் அதே சரிவில் இருந்தால்தான் நட்டு முழுசாகப் பதிந்து இறுகும். அந்தச் சக்கரத்தில் ஓட்டையின் வாய் வேறு மாதிரி இருந்தது. நட்டு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுமை ஏற ஏற, ஓட்டையின் ஓரம் தேய்ந்தது, நட்டு தளர்ந்தது. கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்து இருக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். அதைத் திருப்பிப் போட்டு முடுக்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மரையும் முக்கியம். மாருதி ஜிப்ஸி 1985இல் வந்தது. அதற்கும் ஐந்து ஓட்டை, ஐந்தரை அங்குல வட்டம்தான். ஆனால் ஜிப்ஸியின் ஸ்டட் 12 மில்லிமீட்டர், பழைய வில்லிஸ் ஜீப்பின் ஸ்டட் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மரையின் நெருக்கமும் வேறு. ஆகவே சக்கரத்தோடு வந்த நட்டை உங்கள் ஸ்டட்டில் வலுக்கட்டாயமாக ஏற்றக்கூடாது. மரை செத்துப்போகும்.

இன்னொரு சங்கதி. பழைய ஜீப்புகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வண்டியில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது இடது கைப்பக்கம் இருக்கும் இரண்டு சக்கரங்களைச் சொல்கிறேன். சக்கரம் முன்னோக்கி ஓடும்போது நட்டு தானாகக் கழலக்கூடாது என்பதற்காக அக்காலத்தில் செய்த ஏற்பாடு அது. அந்தப் பக்கத்தில் கழற்றுகிற திசையும் முடுக்குகிற திசையும் தலைகீழ். இது தெரியாமல் ஸ்பேனரில் குழாயை மாட்டி ஏறி மிதித்து ஸ்டட்டையே முறித்தவர்கள் உண்டு. ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள். 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இடது மரை.

மூன்றாவது, நடு ஓட்டை. ஜீப்பின் முன் ஹப் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடு ஓட்டை அதைவிடச் சிறியதாக இருந்தால் சக்கரம் ஹப்பில் இடித்து நின்றுவிடும். நட்டை முடுக்கினால் இறுகின மாதிரி தெரியும், ஆனால் சக்கரம் முழுவதும் படிந்திருக்காது. ஆகவே முதலில் நட்டு போடாமல் சக்கரத்தை வெறுமனே மாட்டி, ஹப்பின் முகத்தோடு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, சக்கரம் உள்ளே தள்ளி நிற்கிறதா, வெளியே தள்ளி நிற்கிறதா என்பது. ரொம்ப உள்ளே போனால் டயர் பட்டை ஸ்பிரிங்கிலும் ஸ்டீயரிங் கம்பியிலும் உரசும். ரொம்ப வெளியே வந்தால் பேரிங்குக்குப் பாரம் கூடும், ஸ்டீயரிங் கனக்கும், சேறு எல்லாம் ஓட்டுகிறவர் மேல் தெறிக்கும். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். மூட்டை ஏற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். இடைவெளி வேண்டும் என்று தகடு வைத்துக் கட்டுவதும், சேராத சக்கரத்தில் புதிதாக ஓட்டை போடுவதும், பழைய ஓட்டையை வெல்டிங் வைத்து அடைப்பதும் கூடவே கூடாது.

ஐந்தாவது, டயரின் உயரம். பழைய ஜீப்புக்கு வழக்கமான டயர் 6.00-16. பிற்காலத்து வண்டிகளில் 15 அங்குல ரிம் வந்தது. பின்னால் 16, முன்னால் 15 என்று கலந்து போட்டால் என்ன ஆகும்? இரண்டு சக்கர இழுவையில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் தொல்லை ஆரம்பிக்கும். இந்த ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் அப்போது ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே சுற்றாகச் சுற்றும். சின்ன டயர் ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் போகும், பெரிய டயர் கூடுதல் தூரம் போகும். வித்தியாசம் ஒரு சுற்றுக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் நூறு சுற்றுக்குப் பத்து மீட்டர்! சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் கியர் பெட்டியிலும் ஆக்சிலிலும் போய் விழும். பல் உடையும். அப்புறம் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று வையுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பால் டயரிலும் தரையிலும் கோடு போடுங்கள். கோடு ஒரு சுற்று வந்து மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியைத் தள்ளுங்கள். போன தூரத்தை அளங்கள். நான்கு சக்கரத்துக்கும் இப்படிச் செய்து, அளவு ஒத்து வருகிறதா பாருங்கள். ஸ்டெப்னியையும் ஒரு தடவை மாட்டி அளந்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "டிராக்டர் முன் டயரும் 6.00-16தானே சார், அதை ஜீப்புக்குப் போடலாமா?" அளவு ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. டிராக்டர் முன் டயரில் நீளவாக்கில் வரி வரியாக மேடு இருக்கும். அது வயலில் திசை பிடிப்பதற்கு. விவசாய டயரின் பக்கத்தில் 'ஏ6' என்று இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், 'ஏ8' என்று இருந்தால் 40 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் அது செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு வில்லியனூர் ரோட்டில் அறுபதில் போனால் டயர் சூடேறும், வெடிக்கும். வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. போர்க்கால ராணுவ ஜீப்பின் சக்கரம் சிலவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதில் ஹப்போடு பிணைக்கும் ஐந்து நட்டைத் தவிர, ரிம்மைப் பிணைக்கும் நட்டுகள் தனியாக இருக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பீறிட்டுப் பறக்கும், ஆளைக் கொன்றுவிடும். வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகுதான் அதில் கை வைக்கவேண்டும்.

சரி, பொருத்தமான சக்கரம் கிடைத்துவிட்டது. எப்படி மாட்டுவது? ஹப்பின் முகத்திலும் சக்கரத்திலும் உள்ள துரு, மண், தடித்த பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஐந்து நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டு ஸ்பேனராலும் ஏறக்கூடாது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற மாதிரி முடுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி முடுக்கிப் பாருங்கள். சுமை ஏற்றிப் போகிற நாளில் காலையில் ஒரு தடவை ஸ்பேனரை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி அதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டயர், ரிம் அளவைப் பெரிதாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாகூர் விவசாயி அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? மற்ற சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றி இதற்குப் போட்டு ஓட்டலாம் என்றார். "வேண்டாம் ஐயா" என்று தடுத்தேன். ஜாக்கி போட்டு, அவருடைய பழைய ஸ்டெப்னியை மாட்டி, மூட்டையை மாட்டுவண்டிக்கு மாற்றி, வெறும் வண்டியை மெல்ல வீடு சேர்த்தோம். அடுத்த வாரம் உழவர் உதவியகத்துக்கு விதை வாங்க வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ஐந்து ஓட்டை, 82 மில்லிமீட்டர், நட்டு அரை அங்குலம், டயர் 6.00-16 என்று பையன் கையெழுத்தில் இருந்தது. "இந்தச் சீட்டு இல்லாம இனி இரும்புக் கடைப் பக்கம் போறதில்ல சார்" என்றார்.

நீங்களும் இன்றைக்கே அப்படி ஒரு சீட்டு எழுதி வண்டியில் வைத்துவிடுங்கள். சீட்டோடு ஒத்துவராத சக்கரத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைமேல் உட்கார்ந்து வருவது நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.