அன்னாளின் நேர்த்தி: இரு சமயங்களில் இறைவனின் அண்மை

கிறிஸ்தவரின் கடவுள் மனிதனை நெருங்கி வருபவர், முஸ்லிம்களின் இறைவன் எட்டாத் தொலைவில் ஆள்பவன் என்றொரு கூற்று நம் சமய ஒப்பியல் துறையில் நெடுநாளாக உலவுகிறது. நண்பர்கள் பலர் இன்னும் அதையே எழுதுகிறார்கள். அதை நான் மறுக்கிறேன். இரு சமயத்திலும் இறைவன் அண்மையில் இருக்கிறான்; அந்த அண்மை எத்தகையது என்பதில்தான் வேறுபாடு.

சான்று பக்கத்திலேயே இருக்கிறது. கற்பிட்டி வீதியில் தலவில புனித அன்னாள் திருத்தலத்துக்கு நேர்த்தியோடு வரும் கூட்டத்தை நுரைச்சோலை ஊர் அறியும். மரியாளின் தாயான இந்த அன்னாளைப் பற்றி விவிலியம் எதுவும் சொல்லவில்லை. அவர் கதை 2ஆம் நூற்றாண்டில் எழுந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் நூலில் வருகிறது. பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டுகிறார். பிறப்பது ஆணோ பெண்ணோ இறைவனுக்கே என்று நேர்கிறார். ஆலயத்தில் விடப்பட்ட மரியாள் வானதூதர் கையால் உணவு பெறுகிறாள். இனி, குர்ஆனின் 3ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். இம்ரானின் மனைவி, குர்ஆன் விரிவுரையாளர்கள் ஹன்னா என்று குறிப்பிடும் அதே தாய், வயிற்றிலிருக்கும் பிள்ளையை இறைவனுக்கு நேர்ந்துவிடுகிறார். பிறந்தது பெண்ணாயிற்றே என்று முறையிடுகிறார். மர்யம் என்னும் அப்பெண்ணை இறைவன் மனமுவந்து ஏற்கிறான். அவளை வளர்க்கும் ஸகரிய்யா நபி தொழுமிடத்துள் நுழையும் போதெல்லாம் மர்யமிடம் உணவு இருக்கிறது. கேட்டால், அல்லாஹ்விடமிருந்து வந்தது என்கிறார். கொண்டுவந்து கொடுத்த தூதர் எவரும் இங்கே பேசப்படவில்லை. அதைக் கண்ட ஸகரிய்யா அங்கேயே தமக்கும் ஒரு பிள்ளை கேட்கிறார். அவருக்கு முதுமையில் யஹ்யா என்னும் மகன் பிறக்கிறார். தாயின் ஏக்கத்தைக் கேட்டு, பிள்ளையை ஏற்று, வேளைக்கு உணவும் தரும் இறைவனைத் தொலைவில் இருப்பவன் என்று எப்படிச் சொல்வது?

மர்யமின் மகன் ஈஸா நபியின், அதாவது இயேசுவின், தெய்வத்தன்மையை மறுக்கவே குர்ஆன் இக்கதையைச் சொல்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது எதை மறுக்கிறது? இறைவன் மனிதனாவதை மறுக்கிறது. மனிதனை நெருங்குவதை மறுக்கவில்லை. பிடரி நரம்பைவிட அண்மையில் இருக்கிறான் என்பதும் அதே குர்ஆனின் போதனை. கிறிஸ்தவத்தில் அண்மை என்பது ஊனுடல் எடுத்து மனிதனோடு துன்புறுவது. இஸ்லாத்தில், படைத்தவனாகவே இருந்து கேட்பதும் கொடுப்பதும். யாக்கோபு நூல் விவிலியத்தில் சேராததாயிற்றே என்பது அடுத்த தடை. ஆனாலும் திருச்சபை ஜூலை 26இல் அன்னாளுக்கு விழா எடுக்கிறது. வழிபாட்டில் வாழும் இறைக்கருத்தை ஒதுக்கிவிட்டு, கொள்கை அறிக்கைகளை மட்டும் ஒப்பிடுவது பாதி ஆய்வே.

இரு சமயத் தமிழ்க் காப்பியங்களைப் பேச நேரம் போதாது. கிறிஸ்தவக் காப்பியமான தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர், இஸ்லாமியக் காப்பியமான சீறாப்புராணத்தின் தலைவர் நபிகள். இரண்டிலும் மனிதரே தலைவர் என்பதை மட்டும் சுட்டுகிறேன். இனிச் செய்ய வேண்டிய பணிகளும் உள்ளன. இறைமகன் இயேசு படைக்கப்பட்டவரல்லர் என்ற 325ஆம் ஆண்டு நிசேயா திருச்சங்க முடிவையும், குர்ஆன் படைக்கப்பட்டதா என்று 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் மூண்ட பூசலையும் அருகருகே வைத்துத் தமிழில் எழுத வேண்டும். கற்பிட்டிக் கரையின் நேர்த்தி வழக்கங்களை இரு சமயத்தாரிடமும் கேட்டுத் தொகுக்க வேண்டும். பள்ளிவாசல், தேவாலயப் பதிவேடுகளும் பார்வைக்கு வரவேண்டும். இளம் ஆய்வாளர்கள் முன்வருவார்களாக.