கருவிப் பெட்டியும் கட்டுச்சோறும்



வெளியூர்ப் பயணம் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது நம் முன்னோர் வழக்கம். வழியில் சத்திரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்பது உறுதியில்லை. ஆகவே பசி வருமுன்பே பசியை நினைத்துப் பார்த்துச் சோற்றைக் கட்டினார்கள். மனிதனுக்குக் கட்டுச்சோறு எப்படியோ, அப்படியே வண்டிக்கு உதிரி உறுப்புகளும் கருவிகளும். சாலையும் பட்டறையும் இல்லாத இடத்துக்கு மோட்டார் வண்டியில் செல்கிறவன் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும், எவற்றை விட்டுச் செல்ல வேண்டும் என்பதைப் பற்றி இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், நண்பர்கள் நால்வர் ஜீப் ஒன்றில் கல்வராயன் மலைப்பகுதிக்குச் சென்றோம். தார்ச்சாலை முடிந்து மண் தடம் தொடங்கிய சிறிது தூரத்தில் பின்சக்கரம் ஒன்று பஞ்சராயிற்று. நாங்கள் கவலைப்படவில்லை. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, சக்கரத்தைக் கழற்றும் ஸ்பானரும் இருந்தது. ஜாக்கியை வைத்துத் திருகினோம். வண்டி மேலே எழவில்லை; ஜாக்கிதான் ஈர மண்ணுக்குள் இறங்கிற்று. இடத்தை மாற்றி வைத்தோம், மறுபடியும் இறங்கிற்று. ஜாக்கிக்கு அடியில் வைக்க முழ நீளத்தில் ஒரு பலகைத் துண்டு இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அது இல்லாததால் தட்டையான கல்லைத் தேடி ஓடை வரையில் நடந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. அவ்வழியே விறகுச் சுமையோடு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் நிலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஜாக்கியைக் கொண்டாந்தீங்க, அது நிக்கிறதுக்கு இடத்தைக் கொண்டாரலியே" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் பதிந்துவிட்டது. எங்கள் மறதிக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு மாலைப் பொழுதுதான். விறகு சுமந்து வருகிறவர் எவரும் இல்லாத இடமாக, ஓடையோ கல்லோ இல்லாத இடமாக, அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தகைய இடத்துக்குத் தாமாகவே ஆயத்தம் செய்துகொண்டு சென்று, மீண்டும் வந்தவர்களின் வரலாறு நமக்கு நல்ல பாடமாக அமையும்.

ஆப்பிரிக்காவின் வடகிழக்கில், எகிப்து, லிபியா, சூடான் ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்து கிடப்பது லிபியப் பாலைவனம். அதில் பெரு மணற்கடல் எனப்படும் பகுதி மட்டும் வடக்குத் தெற்காக ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நீளமுள்ளது. சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஒரு மரமோ கிணறோ இல்லாமல், மணற்குன்றுகளே வரிசை வரிசையாக நிற்பதாக எண்ணிப் பாருங்கள். மோட்டார் வண்டி அங்கே செல்லவே முடியாது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றிய ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலப் படை அலுவலரும் அவருடைய நண்பர்களும் விடுமுறைக் காலங்களில் சாதாரண ஃபோர்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு அப்பாலையில் புகத் தொடங்கினார்கள். 1930-இல் மணற்கடலைக் கடந்தார்கள். அயின் தல்லா என்னும் ஊற்றை விட்டுப் புறப்பட்டால் அப்பால் வெகு தொலைவுக்கு நீர் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் நடந்து திரும்புவது என்பது பேச்சளவில்தான்.

அப்படியானால் அவர்கள் ஒரு பட்டறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களா? அதுதான் முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணலில் ஒரு வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டர் செல்ல 200 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதன் எடை ஏறக்குறைய 150 கிலோ. நான்கு பேருக்கு, ஆளுக்கு நாள்தோறும் 5 லிட்டராக, 10 நாளைக்குத் தண்ணீர் 200 கிலோ. ஒரு ஸ்பானர்கூட ஏற்றுமுன்பே 350 கிலோ ஏறிவிட்டது. மேலும் மேலும் ஏற்றினால் சக்கரம் மணலில் புதையும். ஸ்பிரிங் பட்டை முறியும். பெட்ரோல் அதிகம் செலவாகும். அதற்காக இன்னும் பெட்ரோல் ஏற்ற வேண்டும். பாதுகாப்புக்காக ஏற்றிய பாரமே ஆபத்துக்குக் காரணமாகிவிடும். எனவே எதை எடுத்துச் செல்வது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதே கடினமான கேள்வி.

இதற்குப் பாக்னால்டு குழுவினர் கண்ட விடைகள் எளியவை. முதலாவது, ஒரே வகை வண்டிகளைத் தேர்ந்துகொண்டார்கள். வண்டிகள் வெவ்வேறு வகையினவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறுப்புகள் வேண்டும். ஒரே வகையாக இருந்தாலோ ஒரு தொகுதி உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். திருத்தவே முடியாதபடி ஒரு வண்டி கெட்டுவிட்டால், அந்த வண்டியே மற்றவற்றுக்கு உதிரிக் களஞ்சியம் ஆகிவிடும்.

இரண்டாவது, கெட்டபின் திருத்துவதைவிடக் கெடாமல் காப்பது இலேசான சுமை என்பதை உணர்ந்தார்கள். அக்காலத்து வண்டிகளின் ரேடியேட்டர் மணலில் உழைக்கும்போது கொதித்து நீராவியாகத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பாலையில் எஞ்சின் குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் மனிதன் வாயிலிருந்து பறித்த தண்ணீர் அல்லவா? ஆகவே ரேடியேட்டரின் வழிவுக் குழாயை, பாதியளவு தண்ணீர் நிரம்பிய ஒரு தகரக் கலத்தோடு இணைத்தார்கள். வெளிவரும் ஆவி அந்தக் கலத்து நீரில் குளிர்ந்து தண்ணீராகும். அந்தக் கலமும் கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்று வரும் திசை நோக்கி நிறுத்துவார்கள். எஞ்சின் குளிர்ந்ததும் ரேடியேட்டருக்குள் அழுத்தம் குறைந்து, கலத்திலிருந்த தண்ணீர் தானாகவே உள்ளே உறிஞ்சப்படும். ஒரு தகரக் கலமும் சிறு குழாயும் பல குடம் தண்ணீரின் வேலையைச் செய்தன. நீங்கள் வகுப்பில் படிக்கும் ஆவியாதலும் குளிர்தலும் அங்கே உயிர் காத்தன.

மூன்றாவது, சிக்கிய வண்டியை மீட்கும் வழியை அறிந்து வைத்திருந்தார்கள். உலகப் போர்க் காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிட உதவிய, ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள உருக்குத் தகடுகளைச் சக்கரத்தின் முன் மணலைத் தோண்டிச் செருகி, அதன்மேல் வண்டியை ஏற்றினார்கள். டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் அகலமாகப் படிந்து மணலில் புதையாமல் செல்லும் என்பதையும் பயன்படுத்தினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காற்றைக் குறைத்த டயரோடு கற்பாங்கான தரையில் ஓடினால் டயர் பிய்ந்துபோகும். மீண்டும் காற்றடிக்க வேண்டும். ஆகவே காற்றைக் குறைக்கத் தீர்மானித்தவன் பம்பையும் காற்றழுத்த மானியையும் எடுத்துச் சென்றே ஆக வேண்டும். ஒவ்வொரு பரிகாரமும் தனக்கு ஒரு துணையைக் கேட்கிறது. ஜாக்கி பலகையைக் கேட்டது போலத்தான் இதுவும்.

இனி, நம்மில் ஒருவர் காட்டு வழியிலோ மலைத்தடத்திலோ நெடும்பயணம் செல்வதானால் பெட்டியை எப்படி நிரப்புவது? ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன். இது கெட்டால் வண்டி நிற்குமா? நின்றால், கையிலிருப்பதைக் கொண்டு ஒப்பேற்ற முடியுமா? முடியாதெனில், இதை மாற்றும் திறமையும் அதற்குரிய கருவியும் என்னிடம் உண்டா?

முன்விளக்கு ஒன்று உடைந்தால் வண்டி நிற்காது, பகலில் ஓட்டலாம். ஆகவே விளக்குக் கண்ணாடியைச் சுமக்க வேண்டியதில்லை. பெட்ரோல் தொட்டியில் சிறு வெடிப்புக் கண்டால் வண்டி நின்றுவிடும். ஆனால் சலவைச் சோப்பைப் பிசைந்து அழுத்தித் தேய்த்தால் தற்காலிகமாக ஒழுக்கு அடங்கும். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் மஞ்சள் தூளைப் போட்டு அடைத்து ஊர் வந்து சேர்ந்த லாரி ஓட்டுநர்கள் நம் நாட்டில் பலர். ஆகவே சோப்பும் மஞ்சளும் சமையல் பெட்டியில் மட்டுமல்ல, கருவிப் பெட்டியிலும் இடம் பெறத் தக்கவை. முறிந்த ஸ்பிரிங் பட்டையை மரக்கட்டை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டி மெல்ல ஓட்டலாம். ஆனால் ஃபேன் பெல்ட் அறுந்தாலோ, ரேடியேட்டர் ரப்பர்க் குழாய் வெடித்தாலோ ஒப்பேற்றுவது அரிது. அவை சிறியவை, இலேசானவை, தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டியவை. ஃப்யூஸ்களும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், பலவகை மரையாணிகளும், கம்பியும், ஒட்டு நாடாவும், எஞ்சின் எண்ணெயும், வண்டிக்குப் பொருந்தும் அளவுள்ள ஸ்பானர்களும், குறடு, திருப்புளி, அரம், சுத்தியல் ஆகியனவும் அவ்வாறே.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மாற்றத் தெரியாத உறுப்பு வெறும் பாரம். பயணத்துக்கு முன் வீட்டு வாயிலிலேயே சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பட்டறை இயந்திரத்தால் இறுக்கிய மரை உங்கள் கைக்கு அசைகிறதா என்பது அப்போது தெரியும். புதிய ஃபேன் பெல்ட் வாங்கினால், அதை வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய பெல்ட்டை உதிரியாக எடுத்து வையுங்கள். புதியது சரியாகப் பொருந்துகிறதா என்பது புறப்படுமுன்பே தெரிந்துவிடும். பழையதோ ஏற்கெனவே பொருந்தி உழைத்தது. இரண்டு வண்டிகள் சென்றால் எல்லா உதிரிகளையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். பழுது பார்க்கும்போது கீழே ஒரு துணியை விரியுங்கள். மணலில் விழுந்த மரையைத் தேடி எடுப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

இக்கால வண்டிகளில் மின்னணுக் கருவிகள் பல உள்ளன. அவற்றில் பழுது நேர்ந்தால் கம்பியும் குறடும் பயன்படா. பழுதின் குறியீட்டைப் படித்துச் சொல்லும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது. ஆனால் பழுது இன்னதென்று தெரிவதும் பழுது நீங்குவதும் ஒன்றல்ல. ஆகவே துணை வண்டியும், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படும் வழக்கமும் முன்னைவிட இன்று மிகுதியாகத் தேவை. வண்டி நின்றே போனால், தண்ணீரும் நிழலும் உள்ள அந்த வண்டியை விட்டு அகலாதிருப்பதே பெரும்பாலும் உயிர் காக்கும் வழி. தேடி வருகிறவர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் புலப்படும்.

பாக்னால்டு பிற்காலத்தில் மணல் காற்றில் எவ்வாறு நகர்கிறது என்பதைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்து 1941-இல் ஒரு நூலாக வெளியிட்டார். செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்வோருக்கும் அது அடிப்படை நூலாக விளங்குகிறது. அந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டவை அவருடைய பாலைப் பயணங்களே. குன்றின் எந்தப் பக்கம் மணல் இறுகியிருக்கும், எந்தப் பக்கம் சக்கரத்தை விழுங்கும் என்று கூர்ந்து பார்க்கக் கற்றவருக்கு, வண்டியைத் தோண்டி எடுக்கும் வேலை குறைந்தது, சுமையும் குறைந்தது.

மாணவர்களே, எடையில்லாத உதிரி உறுப்பு ஒன்று உண்டென்றால் அது அறிவுதான். வண்டியைப் பற்றியும் வழியைப் பற்றியும் எவ்வளவு அறிகிறோமோ அவ்வளவுக்குப் பெட்டி சிறிதாகலாம். ஆயினும் அறிவு உண்டென்று பலகையை மறந்துவிடலாகாது. அடுத்த விடுமுறையில் மிதிவண்டியிலேனும் வெளியூர் புறப்படுவீர்களானால், புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இவற்றில் ஒவ்வொன்றும் நிற்பதற்கு இடம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.