அப்ரண்டிஸ் உதவித்தொகையில் அரசின் பங்கு

ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு முடித்த பையன் ஒரு லேத் பட்டறையில் சேருகிறான். முதல் வாரம் அவன் கடையும் ஷாஃப்ட் ஒரு நூல் அளவு குறைந்துவிடும். இரும்பு வீண், மெஷின் ஓடிய நேரமும் வீண். வெர்னியரைக் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர மூத்த தொழிலாளி ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும். சின்ன முதலாளிகள் புதுப் பையன்களைச் சேர்க்கத் தயங்குவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கத்தான் மத்திய அரசு 2016-ல் தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பழகுநருக்கான, அதாவது அப்ரண்டிஸுக்கான, மாத உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசு தரும் என்பது ஏற்பாடு. முன்பெல்லாம் முதலாளி முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு, அரசின் பங்கைப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். 2023 முதல் அது நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. நல்ல மாற்றம்தான், பில் போட்டுவிட்டுக் காத்திருக்க எந்தப் பட்டறைக்காரருக்கு நேரம் இருக்கிறது?

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 பேர் இருக்கும் பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. சிறு தொழில் நடத்துகிறவர்கள் பக்கத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.